துரும்புக்கு ஒரு பிரிவு

அந்த ஏப்ரல் முதல் தேதி மதுரைக் கோர்ட்டில் ஒருத்தருக்கும் நம்பர் ஒழுங்காக வாயில் வரவில்லை. எழுபத்து நாலாம் வருஷம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை மூட்டை கட்டிவிட்டு, புதிதாகத் தொகுத்து எழுதிய சட்டம் அன்றைக்குத்தான் அமலுக்கு வந்தது. நாள் பார்த்தார்கள் பார், முட்டாள்கள் தினம், என்று வக்கீல்கள் வராந்தாவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்புக்குள்ளே உதறல்தான். வருஷக்கணக்காக நம்பரிலேயே பேசிப் பழகியவர்கள். ஜாமீன் என்று சொல்ல மாட்டார்கள், நானூற்றுத் தொண்ணூற்றேழு என்பார்கள். இப்போது அது நானூற்று முப்பத்தேழு. மாஜிஸ்திரேட் முன்னால் எழுந்து பழைய நம்பரைச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, புது நம்பருக்காகக் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். குமாஸ்தா ஓடாத ஃபேனைப் பார்த்தார்.

ஜீவனாம்சத்துக்குப் பழைய நம்பர் நானூற்று எண்பத்தெட்டு. அது கோர்ட்டை விட்டு வெளியேறி ஊர்களுக்குள்ளே போய்விட்ட நம்பர். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கூட, புருஷன் துள்ளினால், நானூத்தி எம்பத்தெட்டுப் போட்டுருவேன் என்பாள். ஆனையூரிலிருந்து வந்த ஒரு அம்மாள் அன்றைக்கு வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நம்பரை ரத்து செய்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னதில், தன் கேஸே போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். போகவில்லை, நூற்று இருபத்தைந்தாக மாறியிருக்கிறது, ஏற்கெனவே நடக்கிற கேஸ் பழைய சட்டத்திலேயே நடக்கும் என்று நான் உட்காரவைத்துச் சொன்னேன். நம்பினாளா என்று தெரியாது. நூத்தி இருபத்தஞ்சு என்று சொன்னால் என் புருஷன் பயப்படுவானா என்று கேட்டாள்.

எனக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பயத்தால் இல்லை. தை மாதத்திலிருந்து நான் அந்த நாளுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். காத்திருப்பது எனக்கு வராத வித்தை. பஸ் வர நேரமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடுகிற ஆள் நான். சின்ன வயதிலேயே வாய்க்காரி என்று பெயர் வாங்கியாயிற்று. இந்த வாயை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் போய்ப் பிழைப்பாள், வக்கீலுக்குப் படித்தாலாவது வாய்க்குக் கூலி கிடைக்கும் என்று அப்பா ஊராரிடம் சொல்லி, நிலத்தில் ஒரு துண்டை ஒத்திக்கு வைத்துச் சென்னைக்கு அனுப்பினார். படித்து வந்து மதுரையில் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். பழங்காநத்தத்தில் ஒரு மாடி அறை. பெண் வக்கீல்கள் அந்தக் கோர்ட்டில் ஒரு பெஞ்சை நிரப்பக் காணாது.

நான் காத்திருந்தது என் அக்காவுக்காக.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே. கண்மாயும் கரிசலும் கொஞ்சம் கிணற்றுப் பாசனமும். எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி அத்துக்கொள்வதற்குக் கோர்ட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளி அவள் கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொள்வாள். முடிந்தது. அப்புறம் அவனும் வேறு கட்டிக்கொள்ளலாம், அவளும் கட்டிக்கொள்ளலாம். துரும்பு குடுத்துட்டான் என்றால் தீர்ந்தது என்று அர்த்தம்.

அக்கா ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். ஒன்பது வருஷம் அந்த மச்சான் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றால், உழைத்தாள். களை எடுப்பது, மாட்டுக்குத் தீவனம், மாமியார் காலுக்குத் தைலம், எல்லாம். பிள்ளை இல்லை. அதைச் சாக்காக வைத்து மச்சான் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் இருக்கட்டும் என்றார் முதலில். அக்கா சமையல்கட்டிலிருந்து மாட்டுக்கொட்டத்துக்குத் தள்ளப்பட்டாள். அப்புறம் வந்தவள் வீட்டார் துரும்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார்கள். தை அறுப்பு முடிந்ததும் சாவடியில் கூட்டம் கூடியது.

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். மச்சான் துரும்பைக் கிள்ளினார். அக்கா கையை நீட்டியபடி நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. துரும்பு அவள் கைக்குப் போகாமல் கீழே விழுந்தது. சகுனம் சரியில்லை, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் பொண்ணு அவன் வீட்டுலயே இருக்கட்டும் என்று ஒரு பெரியவர் இழுத்தார். அவர் வாயை மூடுவதற்குள் அக்கா குனிந்து, தரையில் தேடி, அந்தத் துரும்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள். எங்கள் வீட்டை நோக்கித்தான். நான் பின்னால் ஓடினேன்.

வீடு என்றால் இப்போது அது அண்ணன் வீடு. மதினி கெட்டவள் இல்லை. ஆனால் சோற்றைப் போடும்போது கரண்டி சட்டியில் இடிக்கிற சத்தம் நாளாக நாளாகக் கூடிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு ஒரு ஆசைதான் இருந்தது. தனியாக ஒரு அறை, தனியாக ஒரு அடுப்பு. யார் சட்டியிலும் கை வைக்காமல் ஆக்கித் தின்ன வேண்டும். மாசாமாசம் கொஞ்சம் ஜீவனாம்சம் வந்தால் அது நடக்கும். வராவிட்டால் மதினி வீட்டு மூலைதான். கேஸில் இருந்தது இவ்வளவுதான்.

என் சீனியர் பழைய மதுரையைச் சேர்ந்த முஸ்லிம். காஜிமார் தெருவுக்குப் பக்கத்தில் வீடு, கீழே அவர் தம்பிமார்களின் ஜவுளிக்கடை, மாடியில் ஆபீஸ். பழைய தொகுப்பு அவருக்கு மனப்பாடம். நம்பர் சொன்னால் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்வார். தை மாதமே மனுப் போட்டுவிடலாம் என்றார். நான் முடியாது என்றேன். பழைய நானூற்று எண்பத்தெட்டில் பெண்டாட்டிக்குத்தான் ஜீவனாம்சம். துரும்பு வாங்கியாயிற்று, இவள் பெண்டாட்டியே இல்லை என்று மச்சான் எழுந்து நின்றால் கேஸ் காலி. புதுச் சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்கள். மனைவி என்ற சொல்லில், கணவனால் விலக்கப்பட்டு மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணும் அடங்குவாள். புத்தகம் வந்த அன்றே நான் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே மறுபடியும் கோடு போட்டு, தாளைக் கிழித்துவிட்டேன்.

"தீர்ப்பே வராத சட்டத்தை நம்பி எறங்கச் சொல்றியேம்மா" என்றார் சீனியர். "கொஞ்சம் சபூர் பண்ணு. பொறுமையாப் பாக்கலாம்."

பொறுமையாகத்தானே ஏப்ரல் வரைக்கும் இருக்கச் சொல்கிறேன் என்று நான் கத்தினேன். பொறுமைக்காக ஒருத்தி கத்தி அவர் பார்த்ததில்லை. சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

எழுத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு வெறி. அதற்குக் காரணம் உண்டு. ஊர் வழக்கம் என்பது ஆளுக்கு ஆள் வளைவதை நான் பார்த்து வளர்ந்தவள். ஒருத்தன் துரும்பைத் தன் தம்பி கையில் கொடுத்தனுப்பினான், செல்லும் என்றார்கள். இன்னொருத்தன் அதையே செய்தபோது, நேரில் வராதது ஊருக்கு அவமானம் என்று தெண்டம் போட்டார்கள். முதல் ஆளுக்குக் கிணறு இரண்டு. எழுதி வைத்துவிட்டால், நம்பர் போட்டு வரிசையாக அடுக்கிவிட்டால், கிணறு வைத்திருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே வரிதான் என்று நான் நம்பினேன். தொகுப்பு என்பது எனக்கு அதுதான். குவியலாகக் கிடக்கிறதை யார் வேண்டுமானாலும் தனக்கு வேண்டியபடி அள்ளலாம். அடுக்கி எழுதியதில் அப்படிக் கைவைக்க முடியாது.

ஏப்ரலில் மனுப் போட்டோம். அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய் அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். புதுச் சட்டம் அத்துவிடப்பட்டவளையும் மனைவி என்று சொல்கிறது, அதனால் நீ மனைவிதான், உனக்கு உண்டு என்றேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"யாருக்குப் பொண்டாட்டி?"

"மச்சானுக்குத்தான்."

"நான் அவனுக்குப் பொண்டாட்டி இல்லன்னுதானடி வந்தேன். உன் புஸ்தகம் எதுக்கு என்னைய திரும்பக் கூட்டிக்கிட்டுப் போய் விடுது?"

இந்த ஒரு பிரிவுக்கு மட்டும்தான் மனைவி, மற்றபடி இல்லை என்று விளக்கினேன். சட்டத்தில் அப்படித்தான், ஒரு சொல்லுக்கு உள்ளே யார் யார் வருவார்கள் என்று எழுதிக்கொள்வார்கள் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டாள். அப்புறம், ஒன்பது வருஷம் அவன் காட்டில் உழைத்ததற்குக் கூலி என்று எழுதிக் கேட்க முடியாதா, பெண்டாட்டி என்று எதற்கு எழுத வேண்டும் என்றாள். அதற்குப் பிரிவு இல்லை. நான் தேடிப் பார்த்தேன், சத்தியமாகத் தேடினேன். அந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆபீஸ் அலமாரியில் இருந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதே பிரிவில் வயதான தாய் தகப்பனுக்கும் பிள்ளைகள் சோறு போட வேண்டும் என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். இதை நான் வாய் தவறி அப்பா முன்னால் சொல்லிவிட்டேன். அன்றையிலிருந்து குழம்பில் உப்புக் குறைந்தால்கூட அப்பா, நூத்தி இருபத்தஞ்சு என்று ஒரு இருமலோடு சொல்லுவார். அண்ணன் என்னை முறைப்பான். அந்த நம்பரை எங்கள் ஊரில் பரப்பியது எங்கள் அப்பாதான்.

சீனியருக்கு இன்னொரு கவலை. துரும்பு கொடுத்தால் விவாகம் முறியும் என்பது வழக்கம்தான் என்று கோர்ட்டுக்குக் காட்ட வேண்டும். வழக்கத்தைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா என்றார். எங்க ஆளுகளுக்கு நிக்காஹ் அன்னைக்கே பொண்ணுக்குக் குடுக்கிற மஹர் எவ்வளவுன்னு எழுதிருவோம், உங்க ஆளுக முடியறப்பக்கூட ஒரு துரும்போட முடிச்சுக்கிறீங்களேம்மா என்று ஒரு இடி வேறு.

சரி, நானே எழுதுகிறேன், எங்கள் ஊருக்கு ஒரு தொகுப்பு, என்று கிளம்பினேன். உட்கார்ந்த இடத்தில் பிரிவு பிரிவாக எழுதிவிடலாம் என்று நினைப்பு. சாவடியில் பெரியவர்களைப் பிடித்தேன். முதல் பிரிவு, துரும்பு என்றால் என்ன? வைக்கோல் துரும்பு என்றார் ஒருவர். கூரையிலிருந்து பிடுங்கினால்தான் துரும்பு, வைக்கோல் படப்பிலிருந்து எடுப்பது மாட்டுத் தீவனம் என்றார் இன்னொருவர். என் சித்தப்பன் வேப்பங்குச்சியக் குடுத்தான், யாரு என்ன கேட்டா என்றார் மூன்றாமவர். எந்தக் கையால்? இடது கையால்தான், சோத்துக்கையால் கொடுத்தால் அது தானமாகிவிடும் என்றார்கள். அந்த ஒன்றில் எல்லாருக்கும் ஒரே பேச்சு, எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. கீழே விழுந்தால்? விழுந்ததே இல்லையே ஆத்தா என்றார்கள். உங்கள் கண் முன்னால்தானே விழுந்தது என்றேன். அதான் உங்க அக்கா எடுத்துட்டாளே என்றார்கள். எடுத்தால் செல்லுமா, செல்லாதா? அது ஆளப் பொறுத்து என்றார் சகுனம் சொன்ன அதே பெரியவர்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. ஆளைப் பொறுத்து என்றால் எதற்கு ஊர், எதற்குக் கூட்டம் என்று எழுந்து நின்றேன். அவர் கோபப்படவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"எழுதிப்புட்டா, நாளைக்கு என் பேத்திக்கு ஒண்ணுன்னாலும் அதத்தானத்தா நானும் பேசணும்?"

"அதுக்குத்தான் எழுதுறது" என்றேன்.

"அப்ப எழுதாத."

வேர்க்க விறுவிறுக்கப் பஸ் ஏறினேன். எழுதிய தாளில் இடது கை என்ற ஒரே ஒரு வரிதான் உருப்படியாக இருந்தது. பழங்காநத்தம் வருகிறவரைக்கும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன், இடம் காலியாக இருந்தும். இவர்கள் எழுதாத சட்டத்தில் விழுந்த துரும்புக்கு இடமில்லை என்று திட்டிக்கொண்டு வந்தவள், அறைக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். அந்த நூற்று இருபத்தைந்திலேயே, கொஞ்சம் கீழே, இன்னொரு வரி இருந்தது. பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்கிற மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது. விலக்கப்பட்டவள் மனைவி என்று மேலே ஒரு வரி. சம்மதித்துப் பிரிந்த மனைவிக்கு இல்லை என்று கீழே ஒரு வரி. இரண்டுக்கும் நடுவில் என் அக்கா குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

எதிர்த்தரப்பு அந்தக் கீழ்வரியைத்தான் பிடிப்பார்கள் என்று சீனியருக்கும் தெரிந்தது. அவள் கை நீட்டி வாங்கினாள், சம்மதித்துப் பிரிந்தாள் என்று மச்சான் பதில் மனுவே போட்டுவிட்டார். விழுந்ததைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. அதைப் பார்த்ததும் சீனியருக்கு முகம் மலர்ந்தது. என் புது விளக்கத்தை ஓரமாக வைத்துவிட்டார். துரும்பு கைக்கு வரவில்லை, கீழே விழுந்தது, ஆகவே வழக்கப்படி முறிவே நடக்கவில்லை. முறியவில்லை என்றால் இவள் இன்னும் முழு மனைவி. புருஷன் வேறொருத்தியைக் கொண்டுவந்துவிட்டதால் இவள் தனியாக இருக்க நியாயம் உண்டு. பழைய சட்டத்திலும் ஜெயிக்கும், புதுச் சட்டத்திலும் ஜெயிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஓட்டை இல்லாத வழி அது. ஒத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு முந்தின நாள் அக்காவை ஆபீசுக்கு அழைத்து வந்தேன். கீழே கடையில் பெருநாள் துணிக்கு ஒரே கூட்டம். சீனியர் அவளுக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார்.

"பொய் ஒண்ணும் சொல்ல வேணாம்மா. துரும்பு கையில குடுத்தாங்களான்னு கேப்பேன். இல்ல, கீழ விழுந்துருச்சுன்னு சொல்லு. அது உண்மைதானே? அதோட நிறுத்திக்க. கேக்காததச் சொல்லாத."

அக்கா டம்ளரைப் பார்த்துக்கொண்டே, அதோட நிறுத்திக்கணுமா என்று கேட்டாள். அதோட நிறுத்திக்க என்றேன் நானும். தலையை ஆட்டினாள். வண்டியூர்ப் பக்கம் ஒரு அறை வாடகைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில். தீர்ப்பு வந்ததும் பார்த்துவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். அடுப்பு எந்தப் பக்கம் பார்த்து இருக்கும் என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

மறுநாள் அக்கா கூண்டில் ஏறினாள். நீலச் சேலை, என்னுடையது. எதிரில் மச்சான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். எனக்கு உட்கார முடியவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டேன், அவிழ்த்தேன். சீனியர் ஊர், பெயர், கல்யாணம், வந்தவள் கதை எல்லாம் கேட்டார். அக்கா சின்னச் சின்னதாகப் பதில் சொன்னாள். கடைசியில் கேட்டார், துரும்பு உன் கையில் கொடுக்கப்பட்டதா?

"இல்லைங்கய்யா. காத்துல கீழ விழுந்துருச்சு."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு சீனியர் திரும்பினார். மாஜிஸ்திரேட் அதைச் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தார். மெஷின் சத்தம் நின்றது. எதிர்த்தரப்பு வக்கீல் முகம் விழுந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நன்றாக நினைவிருக்கிறது, ஒருத்தரும் கேட்கவில்லை.

"விழுந்ததை நான் குனிஞ்சு எடுத்தேன்யா" என்றாள் அக்கா.

சீனியர் பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்த வேகத்தில் அவர் கேஸ் கட்டு கீழே விழுந்தது. பொறுக்கக்கூட இல்லை. யாராவது எடுக்கச் சொன்னார்களா? இல்லை. மிரட்டினார்களா? இல்லை. அப்படியானால் உன் சம்மதத்தோடுதானே பிரிந்திருக்கிறாய்?

"சம்மதம்னா என்னங்கய்யா? அவரு இன்னொருத்தியக் கூட்டியாந்தப்ப என்கிட்டச் சம்மதம் கேக்கல. ஆனா துரும்ப நானாத்தான் எடுத்தேன்."

கேள்வி முடிந்தது என்று அவர் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் கல்யாணக் களை.

வெளியே வந்ததும் நான் அக்காவைப் பிடித்துக் கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அடுப்பு வேண்டும் என்றாய், அறை வேண்டும் என்றாய், வாயை மூடிக்கொண்டு இறங்க உனக்கு என்ன கேடு என்றேன். வாய்க்காரி நான், அவள் இல்லையே. ஊரில் ஒன்பது வருஷம் வாயைத் திறக்காதவள் கோர்ட்டில் வந்துதான் திறக்க வேண்டுமா? சீனியர் என் தோளைத் தொட்டு, விடும்மா என்றார். அக்கா, தண்ணி எங்கே இருக்கும் என்று கேட்டாள்.

உத்தரவு சொல்கிற நாள் வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாதத்தில் என் புது விளக்கத்தைச் சீனியர் திரும்பக் கையில் எடுத்தார், வேறு வழியில்லை. என்னையே பேசச் சொன்னார். பேசினேன். விலக்கப்பட்டவளுக்கு அந்தக் கீழ்வரி பொருந்தாது, அது கல்யாணம் முறியாமல் தனித்தனியாக இருப்பவர்களுக்கு எழுதியது, இரண்டையும் ஒன்றாகப் படித்தால் மேலே கொடுத்ததைக் கீழே பிடுங்குவதாகும் என்று தொண்டை கட்டுகிற மட்டும் பேசினேன். வருஷங்கள் கழித்து மேலே உள்ள கோர்ட்டுகள் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லின. படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எழுதி அடுக்கி வைத்துவிட்டால் வளையாது என்று நினைத்தேன். எழுதியதையும் ஒரு ஆள் உட்கார்ந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது. அது ஆளப் பொறுத்து என்று அந்தப் பெரியவர் எங்கிருந்தோ வேட்டியை உதறினார்.

மனு தள்ளுபடி. ஒரே நிமிஷத்தில் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உத்தரவின் நகல் கையில் கிடைத்த அன்றைக்கு அக்காவும் வந்திருந்தாள். கோர்ட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டு படித்தேன். இங்கிலீஷில் இருந்தது. படிக்கப் படிக்க எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, கோபத்தில்தான். மேலே போகலாம், இதை உடைக்கிறேன் பார், இந்தத் தப்பை ஒரு பச்சைப் பிள்ளைகூடச் செய்யாது என்று பொரிந்தேன். வண்டியூர் அறையை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்கள். இனி மதினி வீட்டு மூலை, இல்லாவிட்டால் என்னுடைய ஒற்றை அறை. இரண்டிலும் அவள் அடுப்பு இல்லை.

அக்கா தாளை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது.

"என்னையப் பத்தி என்னடி எழுதியிருக்கு?"

"உனக்கு ஒண்ணும் கிடையாதுன்னு எழுதியிருக்கு."

"அது தெரியும். துரும்பப் பத்தி?"

எரிச்சலோடு அந்த இடத்தைத் தேடி எடுத்தேன். கேஸ் தோற்றதே அந்த வரியால்தான். மனுதாரர் அந்தத் துரும்பைத் தன் சுய விருப்பத்தின் பேரில் எடுத்துக்கொண்டார் என்று இந்த நீதிமன்றம் காண்கிறது, என்று தமிழில் சொன்னேன். அப்படின்னா என்றாள். யாரும் சொல்லாமல், நீயா நினைச்சு எடுத்தேன்னு அர்த்தம் என்றேன்.

"அப்படியே எழுதியிருக்காரா?"

"அப்படியேதான் எழுதியிருக்கு."

"சீல் வச்சிருக்கா?"

வைத்திருந்தது. காட்டினேன். சீலின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். கல்யாணம் பேசினபோது அவளை யாரும் கேட்கவில்லை, மாட்டுக்கொட்டத்துக்கு அனுப்பினபோது கேட்கவில்லை, கூட்டம் கூட்டினபோது கேட்கவில்லை, ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கலாமா என்று நானும் கேட்கவில்லை. அதெல்லாம் எனக்கு அந்த மரத்தடியில்தான் உறைத்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை என் கையில் திரும்பத் திணித்தாள்.

"ஒம்பது வருசத்துல நானாச் செஞ்சது அது ஒண்ணுதான்டி. அந்த எடத்த மட்டும் இன்னொருக்காப் படி."